மணலில் எழுதிய பள்ளிக்கூடம்: திண்ணைப் பள்ளி என்றால் என்ன?

எங்கள் தெருவில் திண்ணையோடு மிஞ்சியிருப்பது ஒரே ஒரு வீடுதான். பெங்களூர் அல்சூர் சோமேஸ்வரர் கோயிலிலிருந்து ஐந்து நிமிட நடை. சிவப்பு ரெட் ஆக்சைடு பூசிய தரை, இரண்டு மரத்தூண், சுவரோரம் தலை சாய்த்துக்கொள்ள வாகாகச் சரித்துக் கட்டிய சின்ன மேடு. சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த வீட்டுப் பெண், ஒன்பதாம் வகுப்பு படிக்கிறவள், தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரை அங்கே உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். எல்லாரையும் அவளே பார்ப்பதில்லை. நாலாம் வகுப்புப் பையனிடம் ஒன்றாம் வகுப்புக் குட்டியை ஒப்படைத்துவிடுகிறாள். "அக்கா, இவன் எழுதவே மாட்டேங்கிறான்" என்று அவன் முறையிட்டால், "நீ கையைப் பிடிச்சு எழுதவை" என்று பதில் வரும்.

அதைப் பார்த்து, "திண்ணைப் பள்ளிக்கூடம் மாதிரியே இருக்கு" என்று சொன்னேன். பக்கத்தில் நின்ற என் மகள், "அப்படின்னா என்னப்பா?" என்றாள். தாத்தா பாட்டி வாயில் அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்த எனக்கே கோவையாகச் சொல்லத் தெரியவில்லை. அப்புறம் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சரி, முதலில் அடிப்படை. திண்ணைப் பள்ளிக்கூடம் என்பது ஒரே ஒரு வாத்தியார் நடத்திய பள்ளி. வாத்தியார் வீட்டுத் திண்ணையிலோ ஊரில் வசதியானவர் வீட்டுத் திண்ணையிலோ நடக்கும். சத்திரம், கோயில் மண்டபம், மரத்தடி என்று நடந்ததும் உண்டு. அரசாங்கத்தின் அனுமதியும் கிடையாது, பணமும் கிடையாது. பெயர்ப்பலகை, வகுப்பறை, ஆண்டுத் தேர்வு எதுவும் இல்லை. பிள்ளைகளைப் பெற்றவர்கள் கொடுக்கும் காசு, அறுப்புக் காலத்து நெல், பண்டிகை நாள் வேட்டி, இவைதான் வாத்தியாருக்கு வருமானம். அந்த வகையில் பார்த்தால் அது முழுக்க முழுக்கத் தனியார் பள்ளி. கன்னடத்தில் இதற்குக் கூலி மடம் என்று பெயர். பெற்றோர் தரும் கூலியில் நடக்கும் மடம். அங்கே வாத்தியாரை ஐகளு என்பார்கள். திண்ணைக்குக் கன்னடச் சொல் ஜகலி. சொல்தான் வேறு, பள்ளி ஒன்றுதான்.

பாரம்பரியம் என்றதும் நமக்குக் கட்டிடம்தான் நினைவுக்கு வருகிறது. கல்லும் காரையுமாக நின்றால் பெயர்ப்பலகை வைக்கலாம், படம் எடுக்கலாம். திண்ணைப் பள்ளியில் அப்படிக் காட்ட எதுவும் இல்லை. வாத்தியார் போனால் பள்ளியும் போயிற்று, திண்ணை மறுபடி வெறும் திண்ணையாகிவிடும். அதனால் இதன் பாரம்பரியத்தை சொல்லிக்கொடுத்த முறையில்தான் தேட வேண்டும். அந்த முறை நம் ஊரைத் தாண்டி எவ்வளவு தூரம் போனது என்று தெரிந்தபோது எனக்கு உண்மையிலேயே உடம்பு சிலிர்த்தது.

மணல், ஓலை, குரல்

புதிதாகச் சேரும் குழந்தைக்குக் கையில் எதுவும் தரமாட்டார்கள். தரையில் மெல்லிய மணலைப் பரப்பி, வாத்தியாரோ மூத்த பிள்ளையோ விரலைப் பிடித்து எழுதவைப்பார்கள். 'அரி நமோத்து சிந்தம்' என்று சொல்லித் தொடங்குவது வழக்கம். 'ஹரி நமோஸ்து சித்தம்' என்பது பிள்ளைகள் வாயில் அப்படி உருண்டுவிட்டது. எழுத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். விரல், கண், வாய், காது நான்கும் ஒரே நேரத்தில் அந்த எழுத்தின் மேல் இருக்கும்.

இந்த மணல் எழுத்துக்கு நானூறு ஆண்டு பழைய சாட்சி ஒன்று இருக்கிறது, அதுவும் கர்நாடகத்திலிருந்தே. 1623-ல் பியெத்ரோ தெல்லா வாலே என்ற இத்தாலியப் பயணி மேற்குத் தொடர்ச்சி மலையை ஏறி இக்கேரிக்குப் போனார். வழியில் ஒரு கோயில் முகப்பில், சுமைகளைக் கட்டும்வரை காத்திருந்தபோது, சிறுவர்கள் சிலர் கணக்குப் படிப்பதைப் பார்த்தார். வாத்தியார் அங்கே இல்லை. ஒருவன் பாடத்தை ராகம் போட்டுச் சொல்ல, மற்றவர்களும் கூடவே பாடி, தரையில் பரப்பிய நுண்மணலில் விரலால் எழுதினார்கள். இடம் நிரம்பியதும் அழித்துவிட்டுப் புது மணல் தூவினார்கள். காகிதமும் மையும் வீணாகாமல் இருக்க இப்படிச் செய்கிறோம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

எழுத்து கைக்குப் பழகியதும் ஓலை வரும். பனையோலையை வாரிப் பதப்படுத்தி, துளையிட்டு, கயிறு கோத்தால் சுவடி. எழுத்தாணியால் கீறிவிட்டு, எழுத்து கண்ணுக்குத் தெரிய மை தடவுவார்கள். ஓலை கிழிந்துவிடும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. அதனால் 'கல்' என்பதும் 'கல' என்பதும் ஓலையில் ஒரே மாதிரிதான் இருக்கும். 'பட்டம்' என்ற சொல்லை 'படடம' என்றுதான் எழுதியிருப்பார்கள். எகரக் குறிலுக்கும் ஏகார நெடிலுக்கும் கூட எழுத்தில் வேறுபாடு தெரியாது. ஆகவே பாட்டு முன்கூட்டியே மனப்பாடமாக இருந்தால்தான் சுவடியைத் தடங்கலில்லாமல் வாசிக்க முடியும். மனப்பாடம் செய்வதை நாம் இன்று குறைவாகப் பேசுகிறோம். ஓலைக் காலத்தில் அது வாசிப்பின் ஒரு பகுதி. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, மூதுரை எல்லாம் பாடமாக இருந்ததற்கு நீதி மட்டும் காரணமில்லை. அவை சின்னச் சின்ன வரிகள், குழந்தை வாயில் சுலபமாக நிற்கும். ஆத்திசூடியின் முதல் வரிகள் உயிரெழுத்து வரிசையிலேயே போகின்றன. எழுத்தும் வரியும் ஒன்றையொன்று நினைவூட்டும்.

முந்திரி, காணி, மா

எனக்கு மிகவும் பிடித்த பகுதி கணக்கு. இங்கே கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

திண்ணைப் பள்ளியில் படித்த கணக்கு பெரும்பாலும் பின்னம். நிலம், நெல், பொன் எல்லாவற்றையும் பங்கு போடும் வாழ்க்கைக்கு முழு எண் மட்டும் போதாது. ஒன்றில் இருபதில் ஒரு பங்கு 'மா'. ஒரு வேலி நிலத்துக்கு இருபது மா என்ற அளவும் இதே கணக்குத்தான். எண்பதில் ஒரு பங்கு 'காணி'. நூற்றறுபதில் ஒன்று அரைக்காணி. முந்நூற்றிருபதில் ஒன்று 'முந்திரி'. அந்த முந்திரியையும் முந்நூற்றிருபதாகப் பிரித்தால் கீழ்முந்திரி, அதாவது 1,02,400-ல் ஒரு பங்கு. அதற்கும் ஒரு பெயர் வைத்து வாய்பாடாகப் படித்திருக்கிறார்கள்.

இப்போது 'மாகாணி' என்ற சொல்லைப் பாருங்கள். பதினாறில் ஒரு பங்குக்கு அந்தப் பெயர். ஒரு மா என்பது எண்பதில் நான்கு, காணி என்பது எண்பதில் ஒன்று. இரண்டும் சேர்ந்தால் எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று. மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி! கூட்டல் கணக்கு பெயருக்குள்ளேயே இருக்கிறது. பிள்ளை பெயரைச் சொன்னாலே கணக்கைச் சொன்ன மாதிரி. என் மகளுக்கு இதைத் தாளில் போட்டுக் காட்டியபோது, "அப்போ அரைமாவும் காணியும் சேர்ந்தா என்ன பேரு?" என்று கேட்டாள். எண்பதில் மூன்று, அதற்குப் பெயர் முக்காணி. மூன்று காணி என்று அதுவும் பெயரிலேயே இருக்கிறது.

இவற்றில் இன்று நம் நாக்கில் மிஞ்சியவை கால், அரை, முக்கால் மட்டும். அல்சூர் மார்க்கெட்டில் காய் வாங்கும்போது தமிழில் கால் கிலோ என்று கேட்டாலும் கன்னடத்தில் காலு கேஜி என்று கேட்டாலும் கடைக்காரருக்கு ஒன்றுதான். அரை, முக்கால் என்பனவும் இரண்டு மொழிக்கும் பொது. அரைக்காலும் (எட்டில் ஒன்று) வீசமும் (பதினாறில் ஒன்று) பாட்டிகளோடு போய்க்கொண்டிருக்கின்றன.

சட்டாம்பிள்ளை இங்கிலாந்து போன கதை

"பெரிய சட்டாம்பிள்ளை மாதிரி பேசாதே" என்று இன்றும் திட்டுகிறோம் அல்லவா, அந்தச் சட்டாம்பிள்ளை திண்ணைப் பள்ளியின் மூத்த மாணவன். ஒரே வாத்தியார், வெவ்வேறு வயதுப் பிள்ளைகள். ஓலையில் எழுதுகிறவனும் இருப்பான், நேற்றுச் சேர்ந்தவனும் இருப்பான். ஆகவே படித்த பிள்ளை படிக்காத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தான். சொல்லிக்கொடுக்கிறவனுக்கும் பாடம் உறுதிப்பட்டது. எங்கள் தெருப் பெண் செய்வது இதைத்தான். அவளுக்கு யாரும் இதைக் கற்றுத்தரவில்லை.

1787-ல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் சென்னைக்கு வந்தார். 1789-ல் எழும்பூரில் தொடங்கிய ராணுவ அனாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். அங்கே ஆசிரியர்களோடு அவருக்குப் பெரும் தொல்லை, சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்தே ஏறவில்லை. ஒருநாள் வெளியே போகும் வழியில் ஒரு மலபார் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். அன்றைய ஆங்கிலேயர் தமிழரைத்தான் மலபார் என்பார்கள், ஆகவே திண்ணைப் பள்ளி என்றே எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். உடனே தன் பள்ளியிலும் மணலைக் கொண்டுவரச் சொன்னார். உதவி ஆசிரியர் முடியாது என்று சொல்லிவிட, ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் அந்த வகுப்பையே ஒப்படைத்தார். ஆசிரியருக்கு முடியாதது பையனுக்கு முடிந்தது.

பெல் ஊர் திரும்பி 1797-ல் லண்டனில் இதைப் புத்தகமாக்கினார். மெட்ராஸ் முறை என்ற பெயரில் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் அது பரவியது. ஜோசப் லங்காஸ்டர் என்பவர் ஏறத்தாழ அதே காலத்தில் லண்டனில் இதுபோன்ற பள்ளியை நடத்தினார். யார் முதலில் கண்டுபிடித்தது என்று இரு தரப்புக்கும் பெரிய சண்டை. பெல் கொடுத்த பணத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் எழுந்த பள்ளிக்கு மெட்ராஸ் காலேஜ் என்று பெயர். இன்றும் நடக்கிறது.

இதில் ஒன்றைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். மணலைத் திண்ணைப் பள்ளியில் பார்த்ததாக பெல்லே எழுதினார். பிள்ளை பிள்ளைக்குச் சொல்லித்தரும் முறையைத் தன் யோசனை என்றுதான் சொன்னார். ஆனால் 1823-ல் பல்லாரி கலெக்டர் கேம்பல் தன் மாவட்டத்துப் பள்ளிகளைப் பார்த்துவிட்டு எழுதிய அறிக்கையில், மூத்த பிள்ளைகள் இளையவர்களுக்குச் சொல்லித்தரும் இந்த முறை வியக்கத்தக்கது, இங்கிலாந்தில் இதைப் பின்பற்றியது தகும் என்று சொல்கிறார். அந்தக் காலத்து அதிகாரி ஒருவரே முறை எங்கிருந்து போனது என்று எழுதிவைத்துவிட்டார். எனக்கு அவர் சொன்னதுதான் சரி என்று படுகிறது. ஆனால் அங்கே போன பிறகு முறை மாறிவிட்டது. ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து இயந்திரம்போல் நடத்தினார்கள். திண்ணையில் வாத்தியாருக்கு ஒவ்வொரு பிள்ளையின் அப்பன் பெயரும் தெரியும்.

எத்தனை பள்ளி, யாருக்கு இடம்

சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ 1822-ல் மாவட்டங்களிலிருந்து பள்ளிக் கணக்கு கேட்டார். 1826-ல் அவர் தொகுத்தபடி பள்ளிகள் 12,498, மாணவர்கள் 1,88,650. வகுத்துப் பார்த்தால் பள்ளிக்குப் பதினைந்து பிள்ளைகள்தான். அவ்வளவு சின்னப் பள்ளிகள்! மைசூர் தனிச் சமஸ்தானம் என்பதால் பெங்களூர் இந்தக் கணக்கில் வராது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் இருந்த ஸ்ரீரங்கப்பட்டணம் மட்டும் வருகிறது. பெரும்பாலான வாத்தியார்களுக்கு மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் வருமானம் இல்லை, அது போதாது என்று மன்றோ வருத்தப்பட்டிருக்கிறார்.

அந்த 1,88,650 பேரில் பெண் பிள்ளைகள் 4,540 பேர் மட்டும். தலித் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகளில் ஏறவே இடமில்லை. இதை மறைத்துவிட்டுத் திண்ணைப் பள்ளியைப் போற்றுவது பொய்யாகிவிடும். அல்சூர் வீட்டில் இன்று பாடம் நடத்துகிறவள் ஒரு பெண் என்பதை நான் வேண்டுமென்றேதான் முதலில் எழுதினேன். அன்றைய பெரும்பாலான திண்ணைகளில் அவளுக்கு உட்காரக்கூட இடம் கிடைத்திருக்காது.

அடியும் கடுமை. கேம்பலின் அறிக்கையில் ஒரு காட்சி வருகிறது. காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதி என்று எழுதுவார்கள், அது மரியாதை. இரண்டாவது வருகிறவன் கையில் சுழி. அவனுக்குப் பாராட்டும் இல்லை, குற்றமும் இல்லை. மூன்றாவது வருகிறவனுக்கு மெல்ல ஓர் அடி, நாலாவது ஆளுக்கு இரண்டு, அப்படியே ஏறிக்கொண்டே போகும். கடைசியில் வருகிற குழந்தையின் நடையை நினைத்தால் மனசு வலிக்கிறது. தமிழ்ப் பள்ளிகளில் உத்தரக் கயிற்றைப் பிடித்துத் தொங்கவிடும் கோதண்டம் என்ற தண்டனையும் இருந்தது. இந்தப் பகுதி திரும்பி வர வேண்டாம்.

எப்படி மறைந்தது

ஒரே நாளில் யாரும் மூடவில்லை. கேம்பல் அப்போதே ஒரு காரணத்தை எழுதினார்: இங்கிலாந்துத் துணி வந்து நம் நெசவைத் தின்றது, பெற்றோரிடம் கூலி கொடுக்கக் காசில்லை. அப்புறம் அச்சுப் புத்தகம் வந்தது, ஓலைக்கு வேலையில்லாமல் போயிற்று. 1854-க்குப் பின் அரசு மானியம், ஆய்வாளர், வகுப்புவாரிப் பாடத்திட்டம் என்று புது ஏற்பாடு வந்தது. இங்கிலீஷ் தெரிந்தால்தான் வேலை என்றானதும் பெற்றோர் பிள்ளையைத் திண்ணையிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

பெங்களூரில் அந்த மாற்றத்தை இன்றும் பார்க்கலாம். 1809-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து ஆங்கிலேயப் படை இங்கே வந்து கண்டோன்மென்ட் வளர்ந்தபோது, அதோடு தமிழர்களும் வந்தார்கள். சிப்பாய், கொத்தனார், தரகர், காய்கறிக்காரர் என்று அல்சூரும் சிவாஜிநகரும் நிரம்பின. அப்படி வந்து தொழிலில் உயர்ந்த ஆற்காடு நாராயணசாமி முதலியார் 1873-ல் கண்டோன்மென்ட்டில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். அவர் பெயரிலான கல்வி அறநிலையம் இன்றும் நடக்கிறது. ஒரு வாத்தியாரை நம்பிய பள்ளி அவரோடு முடிந்துவிடும். அறக்கட்டளையை நம்பிய பள்ளி நூற்றைம்பது ஆண்டு நிற்கிறது. திண்ணைப் பள்ளியின் பலவீனம் எது என்று இதைப் பார்த்தால் புரியும்.

அப்படியானால் இன்று மிச்சம் என்ன? விஜயதசமி அன்று தட்டில் அரிசியைப் பரப்பிக் குழந்தையின் விரலைப் பிடித்து 'அ' எழுதவைக்கிறோமே, அது மணல் எழுத்தின் கடைசித் துண்டு. ஒரு நாள் சடங்காகச் சுருங்கிவிட்டது, அவ்வளவுதான். ராகம் போட்டு வாய்பாடு சொல்லும் பழக்கம் இன்னொன்று. தமிழில் 'ஈரிரண்டு நாலு' என்று பாடுவதுபோலவே கன்னடப் பிள்ளைகளும் மக்கி என்ற தங்கள் வாய்பாட்டைப் பாடுகிறார்கள்.

நான் ஒரு காரியம் செய்து பார்த்தேன். பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்தில் கேட்டு ஒரு சொப்பு மணல் வாங்கி, கழுவி, மொட்டைமாடியில் இரண்டு நாள் காயவைத்து, ரவை சலிக்கும் சல்லடையில் சலித்தேன். பழைய எவர்சில்வர் தாம்பாளத்தில் விரல் நகக் கனத்துக்குப் பரப்பினேன். அதைவிடக் கனமாகப் போட்டால் கோடு சரிந்துவிடுகிறது, மெல்லிசாகப் போட்டால் விரல் தட்டில் உரசுகிறது. அதை எதிர்வீட்டுத் திண்ணையில் கொண்டுபோய் வைத்தேன். நோட்டைப் பார்த்தாலே முரண்டு பிடிக்கும் அந்த ஒன்றாம் வகுப்புக் குட்டி முதலில் ஒரு விரலை வைத்துப் பார்த்தான். நாலாம் வகுப்புக்காரன் கையைப் பிடித்து 'அ' போடவைத்தான். சுழி கோணலாக வந்தது. தாம்பாளத்தை ஓர் ஆட்டு ஆட்டியதும் கோணல் காணாமல் போயிற்று. நோட்டில் ரப்பர் போட்டு அழித்தால் கறை நிற்கும், தாள் கிழியும், திட்டும் கிடைக்கும். இங்கே எந்தத் தடயமும் இல்லை. பையன் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தான். அப்புறம் அவனே தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் கையைத் தட்டிவிட்டான்.

"விடுண்ணா, நானே போடறேன்."